ஸ்கேன் முடிந்த பிறகு தொடங்கும் செலவு

மேலூரில் வயலும் கொஞ்சம் வாடகை வருமானமும் உள்ள 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடம்பில் எந்தத் தொந்தரவும் கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, ஒரு தடவை முழுசா செக் பண்ணிடுங்க" என்று பணம் அனுப்புகிறாள். அவரும் காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க இருந்து, ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். மறுநாள் ரிப்போர்ட் வருகிறது. வலது சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி. கல்லீரலில் சிறு புள்ளி ஒன்று. தைராய்டில் 6 மில்லிமீட்டர் முடிச்சு. முதுகெலும்பில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது. நான்கைந்து ரத்த அளவுகளுக்கு எதிரே தடித்த எழுத்து. கடைசி வரியில், 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை'.

அந்த வரிக்கு, நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் இதற்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். வீட்டில் அதை யாரும் அப்படிப் படிப்பதில்லை. அடுத்த வாரம் மீண்டும் மதுரை. கல்லீரல் புள்ளி என்னவென்று தெரிய, மருந்து ஏற்றி ஒரு சி.டி. ஸ்கேன். தைராய்டுக்கு ஊசி போட்டுத் திசு எடுக்கும் சோதனை. அதன் முடிவு 'தெளிவில்லை' என்று வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை. முதுகு வலியே இல்லாதவருக்கு எலும்பு மருத்துவரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட். மதுரைக்கு 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு பயணமும் ஒரு நாளை விழுங்கும், துணைக்கு ஒருவர் வர வேண்டும், அவருடைய கூலியும் போகும். 2025-26இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். இருவர் நான்கு முறை போய்வந்தால் இழந்த கூலி மட்டும் 2,700 ரூபாயை நெருங்குகிறது. பஸ் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் தனி.

முழு உடல் பரிசோதனை பற்றிய விளம்பரத்தில் இருப்பது முதல் நாள் விலை மட்டும். மருத்துவப் பொருளாதார ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துவருவது அதற்குப் பிறகு நடப்பதை. ஒருவர் ஸ்கேன் செய்துகொண்டால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எத்தனை முறை மருத்துவரிடம் போகிறார், எத்தனை மேல்பரிசோதனைகள், எத்தனை அறுவைச் சிகிச்சைகள், அவற்றால் எத்தனை பேர் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு நம் ஊர்க் குடும்பங்களுக்கு மிக அவசியமானது என்று நினைக்கிறேன். ஏனென்றால், 2021-22ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்களின் சொந்தப் பையிலிருந்து போகிறது.

நோயில்லாதவரை முழுதாகப் பரிசோதிக்கும் வழக்கம் புதிதல்ல. ஜப்பானில் 1954இலேயே 'நிங்கென் டாக்' என்ற பெயரில் தொடங்கிவிட்டது. நம் பக்கம் அதைப் பரவலாக்கியது 1983இல் சென்னையில் தொடங்கிய அப்போலோ மருத்துவமனை. 'மாஸ்டர் செக்கப்' என்பது தமிழ் வீடுகளில் புழங்கும் சொல்லாகிவிட்டது. 2016இல் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே அம்மா முழு உடல் பரிசோதனைத் திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு எல்லாம் இலவசமாகச் செய்யப்பட்டன. பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுவோருக்கு உடல் பரிசோதனைச் செலவுக்கு 5,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. மார்ச் மாதத்தில் பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் சேர அதுவும் ஒரு காரணம். இவற்றுக்கு அடுத்த படியாக, தலை முதல் தொடை வரை ஒரே மூச்சில் படமெடுக்கும் முழு உடல் எம்.ஆர்.ஐ. இப்போது பெருநகரங்களில் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இதற்கு 2,499 டாலர் வாங்குகிறது. 2023இல் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அதைப் புகழ்ந்து இன்ஸ்டாகிராமில் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி, அறிகுறியோ குடும்பப் பின்னணியோ இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஸ்கேன் எடுத்துப் பிழைப்பவர்களின் சங்கமே அப்படிச் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆரோக்கியமான உடம்பில் ஏன் இத்தனை 'கோளாறுகள்' தெரிகின்றன? முதலில் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் 'இயல்பான அளவு' என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலான பரிசோதனைகளில் அந்த எல்லையை எப்படி வகுத்தார்கள் தெரியுமா? நோயற்றவர்கள் பலரின் அளவை எடுத்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை இயல்பு என்று வைத்தார்கள். அதாவது, நூறு ஆரோக்கியமானவர்களில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழுவது அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே பரிசோதனை என்றால் பாதகமில்லை. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், எல்லாமே எல்லைக்குள் வருவதற்கான வாய்ப்பு 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வரியில் தடித்த எழுத்து இருக்கும். 60 பரிசோதனை என்றால் தப்புகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. உண்மையில் பல பரிசோதனைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், போக்கு மாறாது. '80 பரிசோதனை ஒரே விலையில்' என்ற விளம்பரம், வாங்குகிறவருக்கு ஏதோ ஒரு கோளாறு ரிப்போர்ட்டும் சேர்த்தே கிடைக்கும் என்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

ஸ்கேனில் இது இன்னும் கூடுதல். 2005இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தாமாக வந்து முழு உடல் சி.டி. எடுத்துக்கொண்ட 1,192 பேரில் 86 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஒரு அசாதாரணம் தென்பட்டது. 37 சதவீதத்தினருக்கு மேல்பரிசோதனை வேண்டும் என்று எழுதப்பட்டது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில், பொதுமக்கள் 2,500 பேருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஏதோ ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்ட 12 ஆய்வுகளின் 5,373 பேரை ஒன்றாகத் தொகுத்து 2019இல் பார்த்தார்கள். உடனே கவனிக்க வேண்டியது அல்லது இன்னதென்று முடிவு செய்ய முடியாதது என்ற வகையில் சுமார் 32 சதவீதத்தினருக்கு ஏதாவது இருந்தது. பொய்யான எச்சரிக்கை மட்டும் சுமார் 16 சதவீதம்.

முதுகெலும்பு இன்னும் தெளிவான உதாரணம். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். நரைமுடியைப் போல வயதோடு வருகிற ஒன்றை ஸ்கேன் நோயின் பெயரில் எழுதித் தருகிறது. தொந்தரவு தராத பித்தப்பைக் கல்லும் அப்படித்தான். அப்படிக் கல் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று முதல் நான்கு பேருக்குத்தான் வலி வருகிறது, மற்றவர்களுக்கு வழக்கமாக அறுவை தேவையில்லை. ஆனால் கல் இருப்பதாகத் தெரிந்த பிறகு, சாப்பிட்டவுடன் வயிறு லேசாக உப்பினாலும் சந்தேகம் கல் மேல்தான் விழும்.

இன்னொரு எளிய கணக்கு. ஒரு நோய் ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு இருக்கிறது. பரிசோதனை மிக நல்லது. நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். ஆயிரம் பேரையும் பரிசோதித்தால் நிஜமான நோயாளிகளில் நான்கைந்து பேர் கிடைப்பார்கள். கூடவே நோயே இல்லாத 99 அல்லது 100 பேருக்கும் 'இருக்கலாம்' என்று வரும். பயந்து நிற்கிற அந்த நூற்றுச் சொச்சம் பேரில் சுமார் இருபத்துமூன்றில் ஒருவருக்குத்தான் நோய். பரிசோதனையின் தரம் இதற்குக் காரணமல்ல. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் தேடியதுதான் காரணம். அதே பரிசோதனையை அறிகுறியோடு வந்தவர்களிடம் செய்தால் கதை தலைகீழாகிவிடும், ஏனென்றால் அங்கே நோயுள்ளவர்கள் அதிகம். அதனால்தான் ரத்தம் கசிகிறவர், கட்டி தட்டுப்படுகிறவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர், வாரக்கணக்கில் இருமுகிறவர் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கு அது நோயறிதல். இந்தக் கட்டுரை பேசுவது அறிகுறி எதுவும் இல்லாதவர்களைப் பற்றி மட்டுமே.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். 50 வயதுள்ள ஐந்து லட்சம் ஆண்களுக்கு முழு உடல் சி.டி. எடுத்தால் என்னவாகும் என்று 2005இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கணினியில் மாதிரியமைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு வந்தது. அவர்களில் உண்மையான நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். தலைக்குச் சராசரியாக 2,513 டாலர் கூடுதல் செலவு. கிடைத்த கூடுதல் ஆயுள் சராசரியாக ஆறு நாள்.

ஆறு நாளுக்கும் மதிப்புண்டு என்று ஒருவர் சொல்லலாம். மேலூர்க் குடும்பம் ஒன்று அந்த ஆறு நாளுக்காக நகையை அடகு வைக்க வேண்டியிருந்தால், அதே பணத்தை வேறெங்கே போட்டிருந்தால் எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

முதல் பரிசோதனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பின்தொடர்வது எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு, மதுரை மக்களுக்குப் பழக்கமான கண்புரை அறுவையிலிருந்தே உதாரணம் இருக்கிறது. இந்த அறுவைக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாக ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எடுப்பதால் பலனுண்டா என்று அமெரிக்காவில் சுமார் 19,000 அறுவைகளில் சோதித்தார்கள். எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை என்று 2000இல் முடிவு வெளியானது. ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, தேவையில்லாமல் எடுத்த அந்த இ.சி.ஜி.க்குப் பிறகு என்ன நடந்தது என்று தொடர்ந்து பார்த்தது. ஆறில் ஒருவருக்கு அதை ஒட்டி மேல்பரிசோதனை, இதய மருத்துவர், புதிய மாத்திரை என்று ஏதாவது ஒன்று வந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்கு இ.சி.ஜி.க்கு ஆன செலவு சுமார் 33 லட்சம் டாலர். அது கிளப்பிவிட்ட மேல்செலவு சுமார் மூன்றரைக் கோடி டாலர். பத்து மடங்குக்கும் மேல்.

நம் ஊரில் இந்த மேல்செலவு யார் தலையில் விழுகிறது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரிய நோய் வந்து மருத்துவமனையில் சேர்கிறவருக்கு அது பெரிய துணை. ஆனால் தனியார் கூடத்தில் தற்செயலாகத் தென்பட்ட புள்ளியைத் துரத்திக்கொண்டு வெளிநோயாளியாக அலையும் செலவு பெரும்பாலும் கைக்காசுதான். தனியார் காப்பீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்போர்ட்டில் ஒருமுறை எழுதப்பட்டதைப் புதிதாக பாலிசி எடுக்கும்போது சொல்லியாக வேண்டும். அது 'முன்பே இருந்த நோய்' ஆகி, மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம், பிரீமியமும் ஏறலாம். எதுவும் செய்யத் தேவையில்லாத ஒரு முடிச்சுக்குக்கூட இது நடக்கும்.

இதெல்லாம் ஒரு நாடு முழுக்க நடந்தால் என்னவாகும் என்பதைத் தென்கொரியாவில் பார்த்தோம். 1999இல் அங்கே அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், 30, 50 டாலருக்குத் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கூடுதல் இணைப்பாகச் சேர்த்தன. 2011இல் அந்நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைவிட 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். இவ்வளவு பேரை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் அந்த நோயால் இறப்பவர்கள் குறைய வேண்டும் அல்லவா? சாவு எண்ணிக்கை அசையவே இல்லை. ஆண்டுக்கு நானூறுக்கும் குறைவு. முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான்.

அப்படியானால் அந்தப் பல்லாயிரம் பேருக்கு இருந்தது என்ன? 1985இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 36 பேருக்கு மிகச் சிறிய புற்று இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது, அதனால் ஒரு கெடுதலும் நேரவில்லை. நுண்ணோக்கியில் புற்றுநோயாகத் தெரியும் எல்லாமும் ஆளைக் கொல்லும் புற்றுநோய் அல்ல. கொரியாவில் ஸ்கேன் வெளியே இழுத்துப்போட்டது பெரும்பாலும் இந்த வகையைத்தான். அதற்காக ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தைராய்டையே முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை. 11 சதவீதத்தினருக்கு அருகிலிருந்த துணைத் தைராய்டு சுரப்பிகள் கெட்டு, ரத்தத்தில் கால்சியம் குறையும் நிலை. 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் சில மருத்துவர்கள் துணிந்து இதைப் பொதுவெளியில் பேசினார்கள். ஓராண்டுக்குள் அறுவைகள் 35 சதவீதம் குறைந்தன. நம் பக்கத்து மாநிலமான கேரளத்திலும் தைராய்டு புற்றுநோய் விகிதம் இந்தியச் சராசரியைவிட உயர்ந்து நிற்கிறது. ஸ்கேன்களின் பெருக்கத்துக்கு அதில் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஸ்கேன் ஏன் சாதுவான கட்டிகளையே அதிகம் பிடிக்கிறது என்பதை மேலூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கோடையில் கண்மாய் வற்றும்போது இந்தப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரே இறங்கும். குத்தும்போது அகப்படுவது, அந்த இடத்திலேயே மந்தமாகக் கிடக்கும் மீன். துள்ளி ஓடுகிற விரால் ஊத்தா விழுவதற்குள் நழுவிவிடும். மெதுவாக வளரும் கட்டி உடம்பில் பத்து, இருபது ஆண்டு இருக்கும். எந்த வருடம் ஸ்கேன் எடுத்தாலும் அது கிடைக்கும். வேகமாக வளரும் கொடிய புற்று இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே சில மாதங்களில் தோன்றி முற்றிவிடும். ஆக, ஸ்கேனில் கிடைத்தவர்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்து ஸ்கேன்தான் காப்பாற்றியது என்று முடிவு கட்ட முடியாது. அவர்களில் கணிசமானோர் எப்படியும் வாழ்ந்திருப்பார்கள்.

இதோடு இன்னொரு மயக்கமும் சேர்கிறது. ஒருவருக்கு 67 வயதில் அறிகுறி வந்து நோய் தெரிந்து, 70இல் இறக்கிறார். கண்டறிந்த பின் மூன்று ஆண்டு. அதே ஆளுக்கு 60இல் ஸ்கேனில் தெரிந்து, சிகிச்சைகள் பலனளிக்காமல் அதே 70இல் இறந்தால், கண்டறிந்த பின் பத்து ஆண்டு வாழ்ந்தார் என்று புள்ளிவிவரம் பெருமைப்படும். அவர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. நோயாளி என்ற நினைப்போடு ஏழு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார். அதனால்தான் நோயில்லாதவர்களைப் பரிசோதிக்கும் ஸ்கிரீனிங் ஆய்வுகளில், இரு குழுக்களாகப் பிரித்து, இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் வந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முழு உடல் ஸ்கேனுக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனைகளோடு கூடிய பொது உடல் பரிசோதனைக்கு உண்டு: சுமார் இரண்டரை லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு, மொத்த இறப்பில் மாற்றம் இல்லை என்றது. அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை; எந்நேரமும் அணுகக்கூடிய குடும்ப மருத்துவர் உள்ள நாடுகள். நம் நிலைமைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்கேனில்தான் சிறுநீரகப் புற்று தெரிந்தது, இன்றைக்கு நன்றாக இருக்கிறார்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அபாயம் கூடியவர்களுக்கு, குறிப்பிட்ட உறுப்பை மட்டும் ஸ்கேன் செய்வதால் உயிர் காப்பாற்றப்படுவது நிரூபணமாகியே இருக்கிறது. நீண்ட காலம் கடுமையாகப் புகைபிடித்த 53,000 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. நுரையீரல் புற்றுநோய் சாவை 20 சதவீதம் குறைத்தது. அதிலும் சந்தேகம் என்று வந்தவற்றில் நூற்றுக்கு 96 பொய் எச்சரிக்கைகள். காசநோய்த் தழும்புகள் நிறைந்த இந்திய நுரையீரல்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். லீ-ஃப்ராமெனி என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுவதும் உண்டு. எல்லோருக்கும் விற்பதுதான் பிரச்சினை. சி.டி. என்றால் கதிர்வீச்சும் சேர்கிறது: ஒரு வயிற்று சி.டி.யில் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலகச் சராசரி மனிதருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பது 2.4.

அப்படியானால் நோயில்லாதவரைப் பரிசோதிப்பதே வீணா? இல்லை என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று, மேலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த திண்டுக்கல்லில், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து அம்பிளிக்கையில் ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை உண்டு. அதை மையமாக வைத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணன் தலைமையில் 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 114 ஊராட்சி அளவிலான பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருப்பது அதே அமிலம்தான். மாறுபட்ட செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும். 31,343 பெண்கள் வந்தார்கள். அவர்களில் 3,088 பேருக்கு வெளுப்பு தெரிந்தது. ஏறக்குறைய பத்தில் ஒருவர்.

அந்த 3,088 பேரிலும் பலருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பொய் எச்சரிக்கை இங்கும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. பெரிதாக்கிப் பார்க்கும் கருவி அதே இடத்தில், அதே செவிலியர் கையில் இருந்தது. புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று தெரிந்தால் குளிர்வித்து அழிக்கும் சிகிச்சையை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். அது முடியாதவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முன்பே முடிவாகியிருந்தது. யாரையும் 'மேற்கொண்டு பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்து ஊருக்கு அனுப்பவில்லை. 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தபோது, பரிசோதிக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. காந்தப் புலமோ கதிர்வீச்சோ இல்லை. அமிலம், பஞ்சு, விளக்கு, பயிற்சி.

திருவனந்தபுரத்தில் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்த ஆய்வும் இதே வகை. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை, ஒன்றரை லட்சம் பெண்களை இருபதாண்டு தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் கையால் மார்பைத் தொட்டுப் பார்த்ததிலேயே 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது.

1968இலேயே உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய நெறிகளில், கண்டறிந்த பிறகு உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் ஏற்பாடு இருந்தால்தான் ஸ்கிரீனிங் தொடங்கலாம் என்று இருக்கிறது. அம்பிளிக்கை அதைக் கடைப்பிடித்தது. சலுகை விலை பேக்கேஜ்கள் கடைப்பிடிப்பதில்லை. அரசு முகாம்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே நான் பார்க்கிறேன்: சனிக்கிழமை முகாமில் எக்கோவில் சந்தேகம் என்று சொல்லப்பட்டவர் அடுத்த மாதம் எங்கே, யாரிடம், யார் செலவில் போகிறார்?

இத்தனைக்கும் நம் ஊரில் பெரிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே குறைவு. கண்டுபிடித்ததையே கவனிக்காமல் விட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டும். சர்க்கரை நோயுள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது இந்த ஓட்டையை அடைக்கத்தான். கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 9.8 சதவீதம். இந்தியச் சராசரி 1.9 என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம். அம்பிளிக்கை இருக்கும் மாநிலத்துக்கு அது போதாது. மேலூரைச் சுற்றிக் கிரானைட் குவாரிகளில் கல் அறுத்தவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த நுரையீரலுக்கு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் நியாயமான தேவை. முழு உடல் எம்.ஆர்.ஐ. விற்கிறவர்களின் கண்ணில் அவர்கள் படுவதேயில்லை.

ஏற்கெனவே ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுத்த ஸ்கேனுக்குப் போகாமல், முதலில் உங்களைத் தெரிந்த ஒரு பொதுமருத்துவரிடம் போங்கள். தென்பட்டது இன்னதுதான் என்று படத்தை வைத்தே உறுதியாகச் சொல்லிவிட முடியுமா என்று கேளுங்கள். சிறுநீரகத்தின் சாதாரண நீர்க்கட்டியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால், அதை ஏன் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். உடனே ஊசி போட்டுத் திசு எடுப்பதற்குப் பதில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அளவைப் பார்த்தால் போதுமா என்றும் கேட்கலாம். சிறு தைராய்டு முடிச்சுகள் பலவற்றுக்கு இன்றைய வழிகாட்டு நெறிகளே அதைத்தான் சொல்கின்றன. பழைய ஃபிலிம், குறுந்தகடு, ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள், பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய படத்தில் அதே புள்ளி அதே அளவில் இருந்தது என்று காட்ட முடிந்தால், பல நேரம் மதுரைக்கு அடுத்த பஸ் ஏற வேண்டிய அவசியமே இராது.